நான் இறந்த ஞாயிறும் பார்த்தீனியமும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்பது ஒரு காரணம். என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரியும் என்பது இன்னொரு காரணம்.

வேளாண்மைத் துறையில் நான் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்துக்குப் புது உதவி இயக்குநர் வருகிறார் என்று தகவல் வந்தது. பெயர் எஸ்தர். வரவேற்க மலர்ச்செண்டு வாங்கி வரும் பொறுப்பு, ஆபீசில் நான்தான் இளையவன் என்பதால், என் தலையில் விழுந்தது. சிம்மக்கல்லில் வாங்கினேன். டவுன் பஸ் நெரிசலில் கசங்கி, ஆபீஸ் வந்து சேர்வதற்குள் அது பாதி மொட்டையாகிவிட்டது. என்ன செய்வது என்று பின்பக்கச் சுவரோரம் போய் நின்றேன். அங்கே இடுப்பளவுக்கு ஒரு செடி, உச்சி முழுக்கப் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. கடவுளே அனுப்பிவைத்ததாக நினைத்துக் கை நிறையப் பறித்து ரோஜாக்களுக்கு நடுவே செருகினேன். செண்டு கல்யாண ரிசப்ஷன் மேடை மாதிரி ஆகிவிட்டது.

மேடம் வந்தார். செண்டை வாங்கினார். வாங்கிய கையோடு கழுத்தில் கயிற்றில் தொங்கிய ஒரு லென்ஸை எடுத்து அந்த வெள்ளைப் பூவைப் பார்த்தார்.

"நல்லாருக்கு. இந்தப் பூ யார் பறிச்சது?"

"நான்தான் மேடம்," என்றேன், பதவி உயர்வே வந்துவிட்டதைப் போல.

"எங்கே?"

"நம்ம ஆபீஸ் பின்னாடிதான் மேடம். நிறைய இருக்கு."

"வாங்க, காட்டுங்க."

காட்டினேன். பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பொறுப்பேற்ற முதல் நாளே அவர் குனிந்து பிடுங்க ஆரம்பித்தார். செண்டில் நான் செருகியது பார்த்தீனியம். தொட்டால் அரிக்கும், மூச்சில் போனால் இரைக்கும், வயலுக்குள் நுழைந்தால் பயிரை அமுக்கும். களையியல் பரீட்சையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் புத்தகத்தில் அது கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தது. நேரில் பச்சையாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம், பணியில் இருக்கும் தம்பிகள்தான். செடிக்கு நேராகப் போனைப் பிடித்தால் அது என்ன களை என்று சொல்லிவிடும் வசதி வந்துவிட்டதாம். ஒரு தம்பி வீட்டுக்கே வந்து என் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். சோதனைக்கு என் முகத்தைக் காட்டினேன். "அடையாளம் காண முடியவில்லை, நல்ல வெளிச்சத்தில் முயலவும்" என்றது. "இது இல்லாத காலத்துல எப்பிடி சார் சமாளிச்சீங்க?" என்று அவன் கேட்டான். எஸ்தர் மேடத்தை வைத்துச் சமாளித்தோம் என்றேன். அவன் சிரித்தான். நான் சொன்னது நிஜம்.

மேடத்தின் அப்பா அம்மா இருவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அந்த வீட்டில் பேச்சுக்கு ரேஷன் இருந்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு பக்கம் பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். ஒரு வயலைப் பற்றி நாங்கள் விஸ்தாரமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில், "பார்த்தீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால், "உட்கார்ந்து?" என்பார். அதுதான் அவருடைய முறை. வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் குத்தவைத்து உட்கார்ந்து, தரையோடு தரையாகப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்ப்பவனுக்குப் பூத்த களைதான் தெரியும், முளைத்த களை தெரியாது என்பார். பூத்த பிறகு பார்ப்பது வேடிக்கை பார்ப்பது. முளைக்கும்போது பார்ப்பதுதான் வேலை.

பார்த்து முடித்து ஜீப்பில் ஏறப் போனால், "செருப்பு?" என்று ஒரு கேள்வி வரும். ஜீப்பில் ஒரு தேங்காய்நார் பிரஷ் எப்போதும் கிடக்கும். செருப்பில் ஒட்டிய சேற்றை அந்த வயலிலேயே சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். டயருக்கும் அதே மரியாதை. பார்த்தீனிய விதை கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு. சேற்றோடு அடுத்த ஊருக்கு அதைக் கொண்டுபோய் விதைக்கும் முதல் ஆள் வேளாண்மை அதிகாரியாக இருக்கக் கூடாது என்பது மேடத்தின் வாதம். என் கல்யாணத்துக்கு வந்தபோது மண்டப வாசலில் நின்று என் செருப்பைப் பார்த்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த நான் அனிச்சையாகக் காலைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. ஏன் காலைத் தூக்கினேன் என்று என் வீட்டம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி பாண்டியம்மாள் கதைக்கு வருகிறேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ ஊர், எத்தனையோ களை. கண்மாயை மூடிய ஆகாயத்தாமரை, கரையைத் தின்ற சீமைக்கருவேலம். எல்லாவற்றிலும் நான் ஏதாவது ஒரு கோமாளித்தனம் செய்திருக்கிறேன். ஆனால் தூக்கத்தைக் கெடுத்த வழக்கு இது ஒன்றுதான்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரை ஊர். பாண்டியம்மாளின் வீட்டில் அவர் அப்பா காலம் வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். அவரும் நாற்று நட்டு, களை எடுத்து, கருது அறுத்து, கணவர் மாரிச்சாமி கொத்தனார் வேலை பார்த்து, கண்மாயை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். அந்த வம்சத்தில் பட்டாவில் பெயர் ஏறிய முதல் ஆள் பாண்டியம்மாள். வாங்கிய மறு வருஷமே அவருக்குப் பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

நான் முதல்முறை பார்த்தபோது இமை இரண்டும் வீங்கி, கழுத்து மடிப்பும் முழங்கை மடிப்பும் கறுத்து வெடித்திருந்தன. பெரியாஸ்பத்திரித் தோல் டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். மருந்தைவிட முக்கியம் அந்தச் செடி இருக்கும் பக்கம் போகாமல் இருப்பது என்றும் சொல்லியிருந்தார்.

"செடி இருக்குற பக்கம் போகாதங்குறாக சார். செடி இருக்குறதே ஏங் காட்டுலதான்," என்றார் பாண்டியம்மாள். "அப்ப ஏங் காட்டுக்கே நான் போகக் கூடாதாம். அடுத்தவுக காட்டுல அம்புட்டு வருசம் கெடந்தேன், ஒண்ணும் செய்யல. சொந்தக் காட்டுல காலை வச்சா மூஞ்சி வீங்குது. இது என்ன சார் நாயம்?"

அவருக்கு மேற்கே பெரிய இடம் ஒன்று பிளாட் போட்டு, கல் ஊன்றி, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கிடந்தது. வீடு ஒன்றுகூட வரவில்லை. ஊன்றிய கல் தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. உரிமையாளர் நவநீதன், சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். அவர் பாண்டியம்மாளின் நிலத்தையும் கேட்டிருந்தார்.

"தை வரைக்கும் பாக்குறேன் சார். ஆகலைன்னா அந்த அண்ணாச்சிக்கே குடுத்துட்டு மறுபடி கூலிக்குப் போக வேண்டியதுதான்," என்றார் பாண்டியம்மாள்.

அப்போது ஆவணி. மேடம் இடையில் வேறு மாவட்டங்களுக்கு மாறிப்போய், திரும்பவும் எங்களுக்கே அதிகாரியாக வந்திருந்தார். அழைத்துக்கொண்டு போனேன். நாலு மூலையிலும் உட்கார்ந்தார். நடுவிலும் உட்கார்ந்தார். எழுந்து, கண்மாய்க்கரையையும் பிளாட்டையும் கையால் காட்டினார்.

"இந்த அம்மா வயல்ல கம்மிதான். அங்கே இருந்து வருது. காத்துல."

அதாவது இவருடைய நிலத்தை மட்டும் துடைத்து வைத்துப் பிரயோசனமில்லை. சுற்றிலும் போக வேண்டும். தைக்குள் போக வேண்டும். பாண்டியம்மாள் ஒரு செடியைக்கூடத் தொடாமல் போக வேண்டும்.

நான் களத்தில் இறங்கினேன். முதலில் வண்டு. பார்த்தீனிய இலையை மட்டும் தின்னும் ஒரு வெளிநாட்டு வண்டு உண்டு, வேளாண்மைக் கல்லூரியில் வளர்த்துக் கொடுப்பார்கள். லட்டு டப்பாவில் ஓட்டை போட்டு, மடியில் வைத்து டவுன் பஸ்சில் கொண்டுபோனேன். மூடி சரியாக இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் கண்டக்டர் தோளில் இரண்டு வண்டு உட்கார்ந்திருந்தது. "அண்ணே, அசையாதீங்க, அது கவர்மென்ட் வண்டு," என்றேன். அவர் என்னை ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறக்கிவிடப் பார்த்தார்.

மீந்த வண்டுகளைக் கண்மாய்க்கரையில் விட்டேன். அடுத்த வாரம் போனால் ஒன்றைக்கூடக் காணோம். மாரிச்சாமி பெருமையாக முன்னால் வந்தார்.

"கரையெல்லாம் ஒரே வண்டு சார். பயிருக்கு ஏறுறதுக்குள்ள மருந்து டேங்கைத் தூக்கி அடிச்சுட்டேன்ல."

"அடிச்சுட்டீங்களா?"

"வண்டுன்னு தெரிஞ்சா யோசிக்காம அடிச்சுருன்னு நீங்கதான சார் போன வருசம் கூட்டம் போட்டுச் சொன்னீக."

சொன்னேன்தான். என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே விவசாயி அவர். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து போட்டிப் பயிர். பார்த்தீனியத்தை அமுக்கி வளரக்கூடிய செடிகள் சில உண்டு. அதில் செண்டுப்பூவும் ஒன்று. பூவை விற்கவும் செய்யலாம் என்று நாற்று வாங்கி வரப்பைச் சுற்றி நட வைத்தேன். மேடமும் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பூ பூத்தது. பாண்டியம்மாளுக்கு இமை ஒட்டிக்கொண்டு திறக்க முடியவில்லை.

ஆபீசில் மேடம் மெதுவாகக் கேட்டார். "பார்த்தீனியம் என்ன குடும்பம்?"

"சூரியகாந்திக் குடும்பம் மேடம்."

"செண்டுப்பூ?"

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே புரிந்து வார்த்தை நின்றுவிட்டது. ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு அதன் ஒன்றுவிட்ட தம்பி மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும்?

"ம்," என்றார் மேடம். அந்த ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒரு மெமோ கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

ஆனால் அன்று சாயங்காலமே அவர் ஊருக்கு வந்தார். என்னைப் பேசவிடாமல் பாண்டியம்மாள் வீட்டு வாசலில் அவரே சொன்னார்: "தப்பு எங்களோடது. நான் யோசிச்சிருக்கணும். பூவை எடுத்துர்றோம்." பிறகு நேராக வரப்புக்குப் போய், என்னோடு சேர்ந்து பூத்த செண்டுகளை வேரோடு பிடுங்கினார். கையெழுத்துப் போட்டவர்கள் அப்படி வந்து பிடுங்கி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக ஆவாரை விதைப்பது என்று அங்கேயே முடிவானது. நம் மண்ணுச் செடி, வேறு குடும்பம், பார்த்தீனியத்துக்கு இடம் கொடுக்காமல் அடர்ந்து வளரும். ஆனால் முதலில் களை போனால்தான் ஆவாரைக்கு இடம்.

நவநீதனைப் பார்க்கச் சிம்மக்கல் போனேன். குடத்துக்கும் வாளிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"புல்லு தன்னால மொளைக்குது, தன்னால காயப் போகுது. அதுக்கு எதுக்கு சார் ஆள் விடணும்?"

"பக்கத்துல ஒரு அம்மாவுக்கு உடம்புக்கு முடியலண்ணே."

"அதான் நல்ல வெலைக்குக் கேட்டிருக்கேன்ல. குடுத்துட்டு நிம்மதியா இருக்கட்டும்." சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை. பாண்டியம்மாளின் முகத்தை நேரில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி மழை இறங்கியது. மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன், வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. அந்தச் சில வாரங்கள் போனால் அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதற்குள் தை வந்துவிடும். ஊர்க்கூட்டம் போட்டேன், வடை கிடைக்கும் என்று வந்தவர்கள் வடை தீர்ந்ததும் போய்விட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. எங்கள் ஊரில் ஆட்களைக் கூட்டுவது எது? போஸ்டர். அதிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் வண்டியை நிறுத்தி வாசிக்காமல் யாரும் போக மாட்டார்கள்.

ஒரு அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். "கண்ணீர் அஞ்சலி. கடல் கடந்து வந்து நம் காடுகளில் குடியேறி, நம் வயிற்றில் அடித்த திரு. பார்த்தீனியம் அவர்கள் ஞாயிறு காலை வேரோடு மறைய இருக்கிறார். இறுதி மரியாதை கண்மாய்க்கரையில். இப்படிக்கு, துயரத்தில் வாடும் குருசாமி, வேளாண்மைத் துறை." பார்த்தீனியத்தின் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி துயரத்தில் வாடுபவரின் போட்டோவும் வேண்டுமே, என் பாஸ்போர்ட் படத்தையும் கொடுத்தேன். ஒட்டும் வேலையையும் அச்சகத்தாரிடமே விட்டுவிட்டேன். என் வாழ்நாளின் உருப்படியான யோசனை என்று நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அச்சகத்தில் படம் அடுக்கியவருக்கு எங்கள் ஊர் போஸ்டர்களில் நல்ல அனுபவம். பூமாலை போட்ட பெரிய வட்டத்துக்குள் மனுஷ முகத்தைத்தான் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வைத்துவிட்டார். கீழே கொட்டை எழுத்தில் என் பெயரும், இறுதி மரியாதைக்கான நாளும் இடமும். பார்த்தீனியம் ஒரு மூலையில், அலங்காரத்துக்குப் போட்ட இலை மாதிரி. அதைப் பற்றிய வாசகம் பைக்கில் போகிறவர் கண்ணுக்குப் படாத பொடி எழுத்தில்.

ஞாயிறு காலை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "என்னம்மா இப்பிடி ஆயிருச்சு," என்றார் என் வீட்டம்மாவிடம். "என்ன ஆச்சு? சட்னி கேட்டு ரெண்டாவது தடவையாக் கத்திக்கிட்டு இருக்காரு, ஒரு நிமிஷம் இருங்க," என்று அவள் உள்ளே வந்துவிட்டாள். இது பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போது காதில் விழாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்கூட்டர் பெட்டிக்குள் போன் ஓயாமல் அடித்தது. மேடமாகத்தான் இருக்கும், செருப்பைப் பற்றிக் கேட்பார் என்று எடுக்கவில்லை.

கண்மாய்க்கரையில் கூட்டம். நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. சுற்று வட்டாரத்து விவசாயிகள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், உரக்கடைக்காரர்கள், நான் எப்போதோ மண் பரிசோதனை செய்து கொடுத்தவர்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. களைமேல் மக்களுக்கு இவ்வளவு விழிப்புணர்வா? கையில் மாலை வேறு வைத்திருக்கிறார்கள், வேடிக்கையைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஓரமாக நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

"என்னண்ணே, எல்லாரும் ஒரு மாதிரியா இருக்காக. யாரும் தவறிட்டாகளா?"

"வெவசாய ஆபீஸ் சாருப்பா, குருசாமின்னு. நல்ல மனுசன்."

"அப்படியா?"

"ஆமா. என்ன, வாயைத் தொறந்தா மூட மாட்டாரு. ஆனா நல்ல மனுசன்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது. நான் ஆடு வித்துட்டு இருந்தவன் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்," என்றார், ஏமாற்றத்தோடு.

அதற்குப் பிறகு நடந்ததைக் கௌரவமாக எழுத முடியாது. ஒருவர் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் திட்டினார். நவநீதனும் வந்திருந்தார், எல்லோருடையதையும்விடப் பெரிய மாலையோடு. அன்று டீயோடு அனுப்பிவிட்டோமே என்று மனசு கேட்கவில்லையாம். எல்லோரும் திரும்பிப் போகத் தயாரானார்கள். போஸ்டரைப் பற்றியும் களையைப் பற்றியும் நான் விளக்க வாயைத் திறந்தேன். யாரும் கேட்கும் நிலையில் இல்லை. செத்தவன் பேச்சுக்கு எங்கே மதிப்பு?

அப்போது பிளாட்டுக்கு உள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தார். ரோட்டைச் சுற்றி வந்தால் நேரமாகும் என்று, பூத்து நின்ற அந்த வெள்ளைக் காட்டை நடுவாகப் பிளந்துகொண்டு பாண்டியம்மாள் வந்தார். முகத்தில் துண்டு இல்லை, கையில் உறை இல்லை. சேலை முழுக்க மகரந்தப் பொடி. பின்னாலேயே மாரிச்சாமி.

என்னைப் பார்த்ததும் பாண்டியம்மாள் நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இமை அப்போதே வீங்க ஆரம்பித்திருந்தது, கழுத்து சிவந்து தடித்தது. மூச்சு இழுத்தது.

"ரோட்டு வழியா வாடின்னு சொன்னேன் சார்," என்றார் மாரிச்சாமி. "சாரைப் பாக்கணும், சாரைப் பாக்கணும்னு உள்ள எறங்கிட்டா."

நான் பேச்சுக்குப் பெயர் போனவன். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நவநீதன் மாலையோடு இரண்டடி முன்னால் வந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"இந்தச் செடியாலயா இம்புட்டு?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அண்ணே, அது செவ்வந்தி மாலை. அதுவும் அதே குடும்பம், அவங்களுக்கு ஆகாது. தூரமாப் போடுங்க," என்றேன். அவர் அதைத் தூக்கிக் கண்மாய்த் தண்ணீருக்குள் எறிந்தார்.

பாண்டியம்மாளை அங்கிருந்து அப்புறப்படுத்தி, பம்புசெட்டில் குளிக்க வைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆட்டோ போன பிறகும் கூட்டம் கலையவில்லை. நூறு நாள் வேலைப் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த ராக்கம்மாள் முந்தானையை வரிந்து கட்டினார்.

"இந்தா பாருங்கடி. கேதத்துக்குன்னு வந்தாச்சு. குளிக்காம வீட்டுக்குள்ள போக முடியாது. எப்பிடியும் குளிக்கத்தான போறோம், இந்தக் கழுதையப் பிடுங்கிப் போட்டுட்டே குளிப்போம்."

என் பணிக்காலம் முழுக்க நான் மைக்கைப் பிடித்துச் சொல்லியும் மனசில் ஏறாத விஷயம் அது. பார்த்தீனியம் பிடுங்கியவர்கள் உடனே குளித்து, உடுத்திய துணியை அப்போதே அலச வேண்டும். மகரந்தத்தோடு வீட்டுக்குள் போகக் கூடாது. யாரும் கேட்டதில்லை. சாவு வீட்டுக்குப் போனால் குளிக்கும் வழக்கம் ஒரே நொடியில் கேட்க வைத்துவிட்டது. எனக்கு வாய் திரும்பக் கிடைத்தது. கையில் பாலித்தீன் பையைக் கட்டுங்க. மூக்கைத் துண்டால மூடுங்க. மழை ஈரம் காயறதுக்குள்ள, பொடி பறக்காம, வேரோட இழுங்க. பூக்காதது குழிக்கு, பூத்தது தனிக் குவியலுக்கு. அலர்ஜி இருக்குறவங்க கரையேறி உட்காருங்க. ரோட்டோரத்து வீணாப்போன தரைக்கு மட்டும் கல்லுப்புக் கரைசல், லிட்டருக்கு இருநூறு கிராம், கொஞ்சம் சோப்புத் தண்ணி. பயிர் மண்ணுல ஒரு சொட்டு விழக் கூடாது.

நவநீதன் வேட்டியை மடித்துக் கட்டி அவருடைய பிளாட்டிலேயே இறங்கினார். வரிசை கட்டிப் பிடுங்கிக்கொண்டே போனபோது மஞ்சள் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. "என் பிளாட்டு இம்புட்டுப் பெருசா," என்றார் அவர்.

வெயில் ஏறும் நேரத்தில் எஸ்தர் மேடம் வந்தார். சர்ச்சில் இருந்தவருக்கு யாரோ செய்தி சொல்லி, வெள்ளைச் சேலையோடும் கையில் பைபிளோடும் நேராக வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்த்தேன் என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சேறும் சகதியுமாக நின்ற என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"அப்ப அந்த வடக்கு மூலை பாக்கி," என்று சொல்லிவிட்டு, பைபிளை ஜீப்பில் வைத்துவிட்டு வந்து குனிந்தார்.

முன்அனுமதி பெறாமல் இறந்ததற்கு விளக்கம் கேட்டுத் திங்கள்கிழமை மெமோ வரும் என்று பயந்தேன். வரவில்லை. மேலிடத்தில் கேட்டதற்கு, "விழிப்புணர்வு முகாம், நல்ல வருகை" என்று மேடம் பதில் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. பொய் இல்லை.

பாண்டியம்மாள் சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். பிளாட்டை நவநீதன் உழுது போட்டார். கரையிலும் வரப்பிலும் ஊறவைத்த ஆவாரை விதையைத் தூவினோம். அடுத்த மழைக்கு மறுபடி வண்டு விட்டோம், இந்த முறை மாரிச்சாமியே டப்பாவைத் திறந்தார், தெளிப்பானை என் வீட்டில் கொண்டுவந்து ஒப்படைத்த பிறகு. தை வந்தது. நிலம் கை மாறவில்லை. பாண்டியம்மாளுக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆடிக் காற்றில் இன்னும் கண் அரிக்கும். ஆனால் தன் காட்டில் தானே நின்று தண்ணீர் பாய்ச்சுகிறார்.

களையும் ஒழிந்துவிடவில்லை. விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். அதனால் ஐப்பசியில் நல்ல மழை விழுந்த அடுத்த ஞாயிறு ஊர் கூடிப் பிடுங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "சார் தெவசம்." எனக்கு அழைப்பு வரும். என் தெவசத்துக்கு நானே போய், களை பிடுங்கி, குளித்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். மேடமும் வருவார், ஓய்வு பெற்றும் பிரஷைப் பையில் வைத்துக்கொண்டு. எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? போன பிறகு யார் வருவார்கள் என்பதை இருக்கும்போதே பார்த்துவிட்டேன். படம் மாற்றி வைத்த அந்த அச்சகத்துக்காரரை எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் ஓடுகிறார்.

போன ஐப்பசியில் சாப்பிட்டு முடித்துக் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. பாண்டியம்மாள் ஒரு கொத்தை ஒடித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம் பாண்டியம்மா, நாளைக்கு நான் நெசமாவே போய்ச் சேர்ந்துட்டேன்னு வைங்க. கேதத்துக்கு வருவீங்களா?"

அவர் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதான் ஒருக்க வந்தாச்சுல்ல சார்."